பந்து ஏன் ஒரே பக்கமாகப் போகிறது? பழைய கன்சோல் கோல்ஃப் கேம்களில் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு பழைய கன்சோலின் கோளாறைக் கோல்ஃப் கேம் காட்டிக்கொடுப்பதுபோல வேறு எந்தக் கேமும் காட்டிக்கொடுக்காது. சண்டைக் கேமில் ஒரு பட்டன் விழாமல் போனால் இன்னொரு தடவை அழுத்திக்கொள்ளலாம். கார் கேமில் வண்டி கொஞ்சம் இழுத்தால் கையால் சரிசெய்துகொண்டே ஓட்டலாம். கோல்ஃபில் ஓர் அடிக்கு மூன்றே அழுத்தம். முதல் அழுத்தத்தில் திரையில் உள்ள பல அளவுப் பட்டையின் மேல் ஒரு கோடு கிளம்பும், இரண்டாவதில் பலம் முடிவாகும், மூன்றாவதில் மட்டை பந்தில் படும் நேரம் முடிவாகும். 1984-ல் நின்டெண்டோவின் ஃபேமிகாமுக்கு வந்த ‘கோல்ஃப்’ கேமிலேயே இந்த முறை இருக்கிறது. அதற்கு நிரல் எழுதியவர் சடோரு இவாட்டா, பிற்பாடு அந்தக் கம்பெனிக்கே தலைவரானவர். 1997-ல் முதல் ப்ளேஸ்டேஷனுக்கு வந்த எவ்ரிபடிஸ் கோல்ஃப், 1999-ல் நின்டெண்டோ 64-க்கு வந்த மரியோ கோல்ஃப் எல்லாமே இந்த மூன்று அழுத்தத்தின் மேல்தான் நிற்கின்றன. நொடியில் இருபதில் ஒரு பங்கு பிசகினாலும் பந்து தண்ணீருக்குள் போகும். அந்தப் பிசகு டிவியில் இருக்கலாம், ஜாய்ஸ்டிக்கில் இருக்கலாம், கையிலும் இருக்கலாம்.

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று தமிழ்நாடு, கேரள எல்லையில் உள்ள இந்த ஆரியங்காவுக் கணவாயின் இரண்டு பக்கமும் உள்ள வீடுகளில் கிடக்கும் கன்சோல்கள் பலவும் கல்ஃபிலிருந்து பெட்டியில் வந்தவை. புனலூர், கொல்லம் பக்கத்துச் சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்தது, அவர் பையன் வளர்ந்ததும் இங்கே கைமாறி வந்தது, இப்படி. அதனால் ஒரே தெருவில் பால் (PAL) கன்சோலும் இருக்கும், என்டிஎஸ்சி (NTSC) கன்சோலும் இருக்கும், 100 வோல்ட் ஜப்பான் கன்சோலும் இருக்கும். பால், என்டிஎஸ்சி இரண்டும் டிவிக்குப் படம் அனுப்பும் வெவ்வேறு முறைகள். ஆனி, ஆடியில் சாரல் இறங்கினால் வாரக்கணக்கில் எதுவும் காயாது. கோளாறு தேடும்போது இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு கேள்வி: தவறு ஒரே மாதிரி நடக்கிறதா, மாறி மாறி நடக்கிறதா? ஒரே அளவில், ஒரே பக்கம், ஒரே இடத்தில் தவறினால் அதற்கு நிலையான காரணம் ஒன்று இருக்கிறது, தேடினால் கிடைக்கும். ஒரு தடவை இங்கே, ஒரு தடவை அங்கே என்று சிதறினால் தேய்மானம், அழுக்கு, கரண்ட் இந்த மூன்றில் ஒன்று. ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் பத்து அடி அடித்து, கோடு எங்கெங்கே நின்றது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். இதைச் செய்யாமல் கன்சோலைத் திறப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை.

அறிகுறி: நேராக அழுத்தினாலும் பந்து எப்போதும் ஒரே பக்கம் வளைகிறது

“அண்ணாச்சி, எப்படி அடிச்சாலும் பந்து அந்தப் பக்கமால்லா போவுது. எங்க மாமா வீட்டு டப்பா டிவில இதே கேமு ஒழுங்கா வந்துச்சு.”

ஆரியங்காவிலிருந்து வரும் பையன் இப்படிச் சொன்னான் என்றால் பாதி வேலை முடிந்தது. பழைய டப்பா டிவியில் சரியாக வந்து, புது எல்ஈடி டிவியில் ஒரே பக்கம் போகிறது என்றால் டிவிதான் தாமதிக்கிறது. எல்ஈடி டிவி வந்த படத்தை உடனே காட்டுவதில்லை. வாங்கி, பெரிதாக்கி, கோடுகளைச் சேர்த்து, மெருகு போட்டுத்தான் காட்டும். அதற்குள் கன்சோலில் கோடு முன்னே போய்விடும். கண்ணுக்குக் கோடு சரியான இடத்தில் தெரியும்போது நீங்கள் அழுத்துகிறீர்கள், கன்சோலின் கணக்கில் அது தாண்டிப் போயாயிற்று. அழுத்தியபின் திரையில் கோடு கொஞ்சம் நழுவிப் போய் நிற்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ அதே அளவு நழுவினால் சந்தேகமே வேண்டாம்.

அளந்தும் பார்த்துவிடலாம். இப்போது பல போன்களில் நொடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கிறது. ஜாய்ஸ்டிக்கை டிவித் திரைக்கு முன்னால் பிடித்து, கட்டை விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி போனை நிறுத்துங்கள். கேமின் மெனுவில் நின்று கீழ் பட்டனை அழுத்துங்கள். பிறகு வீடியோவை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துங்கள். விரல் பட்டனை முழுக்க அமுக்கிய ஃப்ரேமிலிருந்து மெனுவில் தேர்வு நகரும் ஃப்ரேம் வரை எண்ணுங்கள். ஒரு ஃப்ரேம் என்பது 4 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல். டப்பா டிவியிலும் பூஜ்யம் வராது, ஏனென்றால் கேமே பட்டனைப் படித்துப் பதில் சொல்ல நேரம் எடுக்கும். அதனால் இரண்டு டிவியிலும் எண்ணி, வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு எல்ஈடியில் 24, டப்பாவில் 10 என்றால் வித்தியாசம் 14 ஃப்ரேம், அதாவது 58 மில்லி செகண்ட். கோடு உச்சியிலிருந்து அடிக்கும் இடத்துக்கு வர ஒரு நொடி ஆகும் கேமில் இது கோட்டின் நீளத்தில் ஆறு சதவீதம். நேராக அடிப்பதற்குக் கேம் கொடுக்கும் இடம் பெரும்பாலும் அதைவிடச் சிறியது.

சரிசெய்யும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் டிவி மெனுவில் ‘கேம் மோட்’ போடுங்கள். அது ஏவி இன்புட்டுக்குத் தனியாகவும் எச்டிஎம்ஐக்குத் தனியாகவும் இருக்கும், கன்சோல் மாட்டியிருக்கும் இன்புட்டில் நின்றுகொண்டு போட வேண்டும். அடுத்து நாய்ஸ் குறைப்பு, மோஷன் மெருகு போன்ற படம் அழகாக்கும் வேலைகளையெல்லாம் அணைத்துவிடுங்கள். இடையில் ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் மலிவான சின்னப் பெட்டி இருந்தால் அதைக் கழற்றி, மூணு கலர் ஒயரை நேராக டிவியில் குத்திப் பாருங்கள். அந்தப் பெட்டிகளில் பல தாமதத்தை இன்னும் கூட்டுகின்றன.

இன்னொரு நுணுக்கம். ஃபேமிகாம், மெகா டிரைவ், முதல் ப்ளேஸ்டேஷன் ஆகியவை பெரும்பாலும் 240 வரிப் படத்தை முழுப் படமாக அனுப்பும், பாலில் 288. டிவி பலசமயம் அதை இரண்டு பாதியாகப் பின்னி வரும் 480 வரிப் படம் என்று நினைத்து, பாதிகளைச் சேர்ப்பதற்காகக் காத்திருக்கும். அதனால்தான் தாமதம் வருகிறது, சின்ன எழுத்துகளும் நடுங்குகின்றன. ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் வகை லைன் டபுளர்கள் இந்த இடத்தில் மிக நன்றாக வேலை செய்யும், வரிகளைப் பெருக்கி உடனே தள்ளிவிடும். விலை கன்சோலைவிட அதிகம் என்பது உண்மை.

காசு போடாமல் முடிக்க வேண்டும் என்றால் என் முடிவு ஒன்றுதான்: ஓடுகிற டப்பா டிவி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். புனலூர், தென்காசிப் பழைய சாமான் கடைகளில் எடைக்குப் போகக் காத்துக் கிடக்கின்றன. கோல்ஃப் கேமுக்கு அதைவிடச் சிறந்த திரை கிடையாது. ஒரே எச்சரிக்கை, அதன் பின்பக்கத்தை நீங்கள் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் ட்யூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

அறிகுறி: பந்து ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது, சில அழுத்தம் விழவே இல்லை

இது சிதறும் வகை. டிவியை விட்டுவிட்டு ஜாய்ஸ்டிக்கைப் பாருங்கள். முதல் சோதனை, வேறு ஜாய்ஸ்டிக்கை அதே போர்ட்டில் மாட்டுவது. கோளாறு போனால் ஜாய்ஸ்டிக், போகவில்லை என்றால் போர்ட்டின் பின்களில் பச்சை பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சாரல் ஊர்களில் இது சர்வ சாதாரணம்.

பழைய கேசட் கன்சோல்களின் ஜாய்ஸ்டிக்கில் பட்டனுக்கு அடியில் ரப்பர் குமிழ் இருக்கும், குமிழின் அடியில் ஒரு கருப்புக் கார்பன் வில்லை. போர்டில் அது படும் இடத்தில் கார்பன் தடம். பிரித்து, பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு இரண்டையும் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவைத்து மூடினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். கார்பன் தடத்தில் அழி ரப்பர் போட்டுத் தேய்க்கவே கூடாது, தடமே போய்விடும். கேசட்டின் பித்தளை நிறப் பற்களுக்குப் போடும் வைத்தியத்தை இங்கே போடாதீர்கள். கை கழுவும் சானிடைசரும் வேண்டாம், அதில் உள்ள கிளிசரின் பசை போலப் படிந்துவிடும்.

ப்ளேஸ்டேஷன் 2-இன் டூயல்ஷாக் 2 வேறு கதை, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதில் பட்டன்களுக்கு அடியில் இருப்பது ஒரு வளையும் பிளாஸ்டிக் தாள், தடங்கள் அச்சடித்தது. அந்தத் தாளின் வால் மடங்கிப் போய் மெயின் போர்டின் பற்களின் மேல் படுத்திருக்கும். பல மாடல்களில் அதற்குச் சால்டரிங்கும் கிடையாது, சாக்கெட்டும் கிடையாது. ஒரு சின்ன நுரைப் பஞ்சுத் துண்டு அடியிலிருந்து அழுத்திக்கொண்டிருப்பதுதான் தொடர்பு. ஆண்டுகள் போகப் போக அந்த நுரை தட்டையாகிவிடும். அழுத்தம் குறைந்ததும் எக்ஸ் பட்டன் ஒரு தடவை விழும், ஒரு தடவை விழாது. சிலசமயம் நீங்கள் தொடாத பட்டன் தானாக விழும். ஜாய்ஸ்டிக்கை லேசாக முறுக்கிப் பிடித்தால் சரியாகி, விட்டால் மறுபடி கெட்டால் இந்த நுரைதான் காரணம்.

பின் மூடியின் ஸ்டார் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். ஜாய்ஸ்டிக்கை முகம் கீழாக மேசையில் வைத்து மூடியைத் தூக்க வேண்டும், தலைகீழாகத் தூக்கினால் எல், ஆர் பட்டன்களின் ஸ்பிரிங் எகிறிப் போகும். அதிர்வு மோட்டார்களின் ஒயர்களை இழுக்காமல் போர்டை மெதுவாக எடுங்கள். தாளின் வாலைக் கண்டுபிடித்து, அதன் தடங்களையும் போர்டின் பற்களையும் ஆல்கஹாலில் துடையுங்கள். பிறகு கருப்பு இன்சுலேஷன் டேப்பை நுரையின் அளவுக்கு வெட்டி, இரண்டு மூன்று அடுக்காக நுரையின் மேல் ஒட்டி, வாலைப் பழையபடி மடித்து மூடுங்கள். டேப் அதிகமானால் மூடி சரியாக உட்காராது, அப்போது ஓர் அடுக்கைக் குறையுங்கள். செலவு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. குப்பைக்குப் போக வேண்டிய எத்தனையோ ஜாய்ஸ்டிக்குகளை இந்த ஒரு வேலை காப்பாற்றும்.

அறிகுறி: ஒரே அழுத்தத்தில் பந்து இரண்டடி உருண்டு நின்றுவிடுகிறது

கேசட் போடும் டிவி கேம்களில், அதாவது ஃபேமிகாமைப் போலச் செய்த மலிவு கன்சோல்களில், ஏ, பி பட்டன்களோடு அவற்றின் டர்போ பட்டன்கள் இரண்டும் சேர்ந்து நாலு இருக்கும். டர்போ, அழுத்திப் பிடித்தால் நொடிக்குப் பல தடவை தானாக அழுத்தும். துப்பாக்கிக் கேமுக்கு நல்லது. கோல்ஃபில் டர்போ ஏ-யைத் தொட்டால் கிளம்பு, நில், அடி மூன்றும் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்து, பலமே இல்லாத அடியாகிவிடும். பட்டனை மாற்றி அழுத்துங்கள். சாதா ஏ-யை அழுத்தியும் இப்படி ஆனால் அந்த ரப்பர் தேய்ந்து ஓர் அழுத்தத்தை இரண்டாகக் காட்டுகிறது, மேலே சொன்ன துடைப்பைச் செய்து பாருங்கள்.

அறிகுறி: ஸ்டிக்கை இழுத்துத் தள்ளி அடிக்கும் கேமில் பந்து வளைகிறது

ப்ளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் காலத்து டைகர் வுட்ஸ் வரிசைக் கேம்களில் கோடு கிடையாது. அனலாக் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். தள்ளும்போது பக்கவாட்டில் எவ்வளவு விலகியது என்பதுதான் வளைவு.

ஸ்டிக்கே வேலை செய்யவில்லை என்றால் முதலில் அனலாக் பட்டனின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிகிறது, ஆனால் பந்து எப்போதும் ஒரே பக்கம் போகிறது என்றால் இரண்டு காரணம் உண்டு. கட்டை விரல் வளைந்த பாதையில்தான் இயல்பாக நகரும். அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க, ஜாய்ஸ்டிக்கை மேசையில் வைத்து ஆள்காட்டி விரலால் நேராக இழுத்துத் தள்ளுங்கள். பந்து நேரானால் கையின் பழக்கம்தான், பயிற்சியில் சரியாகும். அப்போதும் வளைந்தால் ஸ்டிக். அதன் அடியில் மேல்கீழுக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று என, ஸ்டிக் எவ்வளவு சாய்ந்தது என்று அளக்கும் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை எண் கொடுக்கும், நடுவில் விட்டால் 128-ஐ ஒட்டி நிற்க வேண்டும். தேய்ந்தால் நடு நகர்ந்துவிடும். பக்கவாட்டுப் பொட்டென்ஷியோமீட்டரின் இடுக்கில் காண்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாக அடித்து, ஸ்டிக்கை நாலு பக்கமும் சுழற்றிக் காயவிடுங்கள். எண்ணெய் கலந்த ஸ்பிரே வேண்டாம். அதிலும் மாறவில்லை என்றால் ஸ்டிக் மாட்யூலையே மாற்ற வேண்டும், அது சால்டரிங் தெரிந்தவர் வேலை.

நின்டெண்டோ 64 வைத்திருப்பவர்கள் இங்கே அபூர்வம். அதன் ஸ்டிக் உள்ளே பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசி வெள்ளைப் பொடி கொட்டி ஆட்டம் கண்டுவிடும். நடு நகர்ந்திருந்தால், ஸ்டிக்கைத் தொடாமல் எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புது நடுவை எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: கேம் ஒரு ஹோலிலிருந்து அடுத்த ஹோலுக்குப் போகாமல் நின்றுவிடுகிறது

தவறு ஒரே மாதிரியா, மாறி மாறியா என்ற அந்த முதல் கேள்வியை மறுபடி கேட்க வேண்டிய இடம் இது. டிஸ்க் கேம்களில் அடுத்த ஹோலின் மேடு பள்ளம், மரம், பின்னணி எல்லாம் டிஸ்கில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அதே கோர்ஸின் அதே ஹோலில் நின்றால் டிஸ்கின் அந்த இடத்தில் கீறலோ அழுக்கோ இருக்கிறது. ஒரு நாள் மூன்றாவது ஹோல், ஒரு நாள் பதினோராவது என்று மாறினால் லேசர்.

டிஸ்கை நடுவிலிருந்து வெளிப்பக்கம் நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். பற்பசை வைத்தியத்தை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். முதல் ப்ளேஸ்டேஷனின் கருப்படி டிஸ்க்குகளும் ப்ளேஸ்டேஷன் 2-இன் நீலமடி டிஸ்க்குகளும் சிடி வகை. சிடியில் தகவல் அடுக்கு மேல் பக்கத்து லேபிளுக்கு ஒட்டிக் கீழே இருக்கிறது, லேபிள் பக்கம் கீறினால் மீட்க முடியாது. லேபிள் மேல் பேனாவால் எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லேசர் பலவீனமா என்று தெரிந்துகொள்ள, எழுதி எடுத்த டிஸ்கையும் ஒரிஜினல் டிஸ்கையும் போட்டுப் பாருங்கள். எழுதும் டிஸ்க் ஒளியைக் குறைவாகத் திருப்பும், தளர்ந்த லேசர் அதை முதலில் கைவிடும். லென்ஸில் சாரல் காலத்துப் பூஞ்சைப் படலம் படிந்திருந்தால் பஞ்சில் ஒரு துளி ஆல்கஹால் தொட்டு, அழுத்தம் கொடுக்காமல் ஒரு தடவை துடைத்தால் போதும். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. லேசர் பக்கத்தில் உள்ள சின்னத் திருகை எடுத்த எடுப்பில் திருகாதீர்கள். அது கடைசி வழி, திருகினால் லேசரின் ஆயுளும் குறையும். முதல் ப்ளேஸ்டேஷனின் ஆரம்ப மாடல்களைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டியவர்கள் உண்டு. பிளாஸ்டிக் தண்டவாளம் தேய்ந்து லேசர் சாய்ந்ததுதான் அதற்குக் காரணம்.

கேசட் வகையில் படம் சிதறினால், பற்களை ஆல்கஹாலில் துடைத்துக் காயவைத்துப் போடுங்கள். வாயால் ஊதும் பழக்கத்தை விட வேண்டும். ஊதும்போது போகும் ஈரம் பற்களை அரிக்கும்.

அறிகுறி: படம் கருப்பு வெள்ளை, பச்சை, உருளுகிறது, அல்லது வரவே இல்லை

கருப்பு வெள்ளையாக வந்தால் என்டிஎஸ்சி நிறத்தை உங்கள் பால் டிவியால் பிரிக்க முடியவில்லை. டிவி மெனுவில் கலர் சிஸ்டத்தை ஆட்டோவுக்கு மாற்றுங்கள். மேலும் கீழும் உருண்டால் டிவி 60 ஹெர்ட்ஸை ஏற்கவில்லை, பின்னால் வி-ஹோல்ட் திருகு இருந்தால் அதை மட்டும் வெளியிலிருந்து திருகிப் பாருங்கள். ப்ளேஸ்டேஷன் 2-ஐக் கம்பொனெண்ட் ஒயரில் மாட்டிப் பச்சையாகவோ நிறம் கெட்டோ வந்தால், சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் கம்பொனெண்ட் வீடியோ அவுட் ஆர்ஜிபியில் நிற்கிறது, ஒய் சிபி சிஆர் பக்கம் மாற்ற வேண்டும்.

இதே ஒயரில் பிஎஸ் 2 கேம் நன்றாக வந்து, அதில் போட்ட பழைய ப்ளேஸ்டேஷன் 1 கோல்ஃப் மட்டும் வெறும் திரையாக இருந்தால் கன்சோல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பழைய கேம் 240 வரியில் வருகிறது, பல புது டிவிகளின் கம்பொனெண்ட் இன்புட் அதை ஏற்பதில்லை. அந்தக் கேமுக்கு மட்டும் மூணு கலர் ஒயரைப் போடுங்கள்.

அறிகுறி: ஒரு கன்சோலில் பழகிய கை இன்னொரு கன்சோலில் ஒத்துவரவில்லை

பால் கன்சோல் நொடிக்கு 50 படம், என்டிஎஸ்சி 60. வேகத்தைத் திருத்தாமல் பாலுக்கு மாற்றிய கேம்களில் கோடு ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 50 ஹெர்ட்ஸ் டிவி கேமில் ஃபேமிகாம் கேசட்டைப் போட்டாலும் இதே கதை. இது கோளாறு இல்லை. ஒரே வீட்டில் ஒரே கன்சோலில் பழகுங்கள். போட்டி வைத்தால் எல்லாரும் அதிலேயே ஆடட்டும்.

அறிகுறி: சேர்த்துவைத்த ஆட்டக்காரர்களும் கோர்ஸ்களும் காணாமல் போகின்றன

ப்ளேஸ்டேஷன் 1 கேம் அதன் 15 பிளாக் மெமரி கார்டில்தான் சேமிக்கும், பிஎஸ் 2-இல் போட்டு ஆடினாலும் அப்படித்தான். பிஎஸ் 2-இன் 8 எம்பி கார்டில் அது எழுத முடியாது. கோல்ஃப் கேம்கள் பல ஒரு சுற்று முடிந்ததும் தானாகவே எழுதும், அந்த நேரத்தில் கரண்ட் போனால் அந்தச் சேமிப்பு கெட்டுப்போகலாம். கம்ப்யூட்டருக்குப் போடும் சின்ன யூபிஎஸ் போட்டால் நிம்மதி. இரண்டாவது கார்டில் ஒரு நகல் எடுத்துவைப்பதும் நல்லது. 1991-ல் வந்த என்இஎஸ் ஓப்பன் டோர்னமெண்ட் கோல்ஃப் போன்ற பேட்டரிக் கேசட்டுகளில் உள்ளே பட்டன் பேட்டரி இருக்கிறது. அதன் ஆயுள் முடிந்தால் சேமிப்பும் போகும். தகடு ஒட்டிய அதே வகை பேட்டரியை வாங்கிச் சால்டர் செய்ய வேண்டும்.

அறிகுறி: படத்தில் அலை ஓடுகிறது, கேம் நடுவில் உறைகிறது, ஆன் ஆகவே இல்லை

டிவி கேம் அடாப்டர் கொடுக்கும் 9 வோல்ட்டை உள்ளே 7805 என்ற ரெகுலேட்டர் 5 வோல்ட் ஆக்குகிறது. அதற்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட்டாவது வர வேண்டும். சாயங்காலம் தெருவில் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் மட்டும் அலை ஓடினால் அடாப்டர் தள்ளாடுகிறது, ஸ்டெபிலைசர் போட்டுப் பாருங்கள். அடாப்டர் மாற்றும்போது பின்னின் நடு பாசிட்டிவ்வா நெகட்டிவ்வா என்று லேபிளில் பாருங்கள். மெகா டிரைவ் முதல் மாடலுக்கு நடு நெகட்டிவ், இரண்டாவது மாடலுக்கு நடு பாசிட்டிவ். பின் இரண்டிலும் நுழைகிறதா என்று வைத்து முடிவெடுக்கக் கூடாது.

கைமாறி வந்த எந்தக் கன்சோலையும் அடியில் உள்ள லேபிளைப் படிக்காமல் பிளக்கில் குத்த வேண்டாம். 100 வோல்ட் அல்லது 120 வோல்ட் என்று இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், நம் 230-ல் நேராகக் குத்தினால் அந்த நொடியே போய்விடும். நெடுநாள் பெட்டியில் கிடந்ததென்றால் மூடியைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள். பவர் போர்டின் மேல் பல்லி செத்துக் கிடப்பதும் கரப்பான் கூடு வைப்பதும் இந்தப் பக்கம் நிறைய.

ஐப்பசி இடிமழையில் கரண்ட் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. ஆர்எஃப் ஒயர் வழியாக டிவி கேமும், டிவியின் பின்னால் கேபிள் ஒயரும் சேர்ந்திருக்கும். இடி அந்தக் கேபிள் வழியாகவும் வரும். இரண்டையும் கழற்றுங்கள்.

அறிகுறி: வீ ரிமோட்டை வீசினால் அடி விழவில்லை

நின்டெண்டோவின் வீ (Wii) கன்சோலில் ஆடும் வீ ஸ்போர்ட்ஸ் கோல்ஃபில் ஏ பட்டனைப் பிடித்துக்கொண்டு வீசினால்தான் நிஜ அடி, பிடிக்காவிட்டால் ஒத்திகை. பாதிப் புகார்கள் இதிலேயே தீரும். சென்சார் பாரில் இருப்பது வெறும் இன்ஃப்ரா ரெட் விளக்குகள். சுட்டிக்காட்டத்தான் அது வேண்டும், வீச்சை ரிமோட்டின் உள்ளே உள்ள முடுக்கமானி படிக்கிறது. மீட்டர் எல்லையைத் தாண்டி நடுங்கினால் வேகம் கூடிவிட்டது, பந்து வளையும். பாதி வேகத்தில் வீசிப் பழகுங்கள். 2006-ல் வந்த இந்தக் கேமின் ஒன்பது ஹோல்களும் 1984 ‘கோல்ஃப்’ கேமின் ஹோல்களை எடுத்துச் செய்தவை. பழைய கேசட்டில் பழகியவர்களுக்கு அந்தத் தீவுகளும் வளைவுகளும் பார்த்த உடனே தெரியும்.

அறிகுறி: எல்லாம் சரி, கோடும் சரியாக நிற்கிறது, ஆனாலும் பந்து தூரம் போகவில்லை

இங்கே கன்சோலைத் தொடவே வேண்டாம், திரையைப் படியுங்கள். பந்து நீளப் புல்லில் கிடந்தால் முழுப் பலம் போட்டாலும் ஒரு பங்கு குறையும், மணலில் இன்னும் குறையும். எவ்ரிபடிஸ் கோல்ஃப் வரிசையில் இதைச் சதவீதமாகவே எழுதிக் காட்டும். மட்டைக்குப் பக்கத்தில் உள்ள கஜக் கணக்கு சமதரைக்கும் காற்றில்லாத நேரத்துக்கும் உரியது. கொடி மேட்டில் இருந்தால் ஒரு மட்டை பெரிதாக எடுங்கள், பள்ளத்தில் இருந்தால் சிறிதாக. காற்றின் அம்பு உங்களை நோக்கி வந்தால் அதற்கும் சேர்த்து எடுங்கள். எதிர்க்காற்று பந்தை நிறுத்தும் அளவுக்குப் பின்காற்று தள்ளாது. உயரமாக எழும் பந்தைக் காற்று அதிகம் பிடிக்கும், அதனால் எதிர்க்காற்றில் தாழ்வாகப் போகும் மட்டைதான் சரி. பழகும் இடம் கேமில் இருந்தால் ஒவ்வொரு மட்டையும் முக்கால் பலத்தில் எத்தனை கஜம் போகிறது என்று அளந்து, அட்டையில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.